யார் கடையில் கண்ணாடி வாங்குவது?

போன டிசம்பரில் கீழக்கரையில் எங்கள் பள்ளி இயற்கை மன்றத்துக்கு 34,000 ரூபாய் சேர்ந்தது. பாதி பழைய மாணவிகள் கொடுத்தது, மீதி துபாயில் இருக்கும் என் காக்கா (அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) அனுப்பியது. பிள்ளைகளைக் கரையோரக் கடலுக்குக் கூட்டிப் போக 12 லைஃப் ஜாக்கெட், 12 முக்குளிக் கண்ணாடி, கல் காலைக் கிழிக்காமல் இருக்க 12 ஜோடி ரப்பர் ஷூ, பறவை பார்க்க 2 பைனாகுலர் என்று ஒரு பட்டியல் எழுதி, பறவை பார்க்கும் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்கே வாங்கினால் நல்லது என்று மட்டும்தான் கேட்டிருந்தேன்.

தூங்கப் போகும் நேரத்தில் குழு கொதித்துக்கொண்டிருந்தது. உக்ரைன் போர் தொடங்கி ஒரு மாதம் கழித்துத்தான் விளையாட்டுச் சாமான் விற்கும் டெகாத்லான் கம்பெனி தன் ரஷ்யக் கடைகளை நிறுத்தப் போவதாக அறிவித்தது, அங்கே வேண்டாம் என்றார் ஒருவர். காஸாவைச் சொல்லி, வாங்கக் கூடாத கம்பெனிகளின் நீளமான பட்டியல் ஒன்றை அனுப்பினார் இன்னொருவர். எல்லாரும் லாபத்துக்குக் கடை போட்டவர்கள்தான், விலை எங்கே குறைவோ அங்கே வாங்குங்கள் டீச்சர், பிள்ளைகளின் காசு அது என்றார் மூன்றாமவர். பரமக்குடிக்காரர் ஒருவர் "கண்ணாடி வாங்குறதுலகூடவா அரசியல்?" என்று கேட்டுவிட்டுக் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார்.

அவர் நல்ல மனிதர். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்களில் எனக்கு வாத்துகளை இனம் பிரிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு நாலு வரியில் பதில் அனுப்பத்தான் உட்கார்ந்தேன். நாலு வரியில் முடியவில்லை.

வாங்குவதில் அரசியல் பார்ப்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை என்பதுதான் அவருக்கு நான் முதலில் சொல்ல விரும்பியது. எங்களுக்குத் தெற்கே, இதே மன்னார் வளைகுடாவில், 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். கொழும்புக்குப் போகிறவர் யார் கப்பலில் சீட்டு வாங்குகிறார் என்பதே அன்றைக்கு அரசியல். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அப்புறம் சும்மாவே ஏற்றிக்கொண்டு போகிறோம் என்றது. அதற்கும் மேலே ஒரு குடையை இலவசமாகக் கொடுத்தது. சின்ன வயதில் வாப்பா இதைச் சொல்லும்போது குடைக்கு ஆசைப்பட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. பிழைப்புக்காகக் குடும்பத்தோடு கடல் தாண்டியவருக்குச் சீட்டுக் காசு மிச்சமானால் அது ஒரு வாரச் சாப்பாடு. 1908-ல் வ.உ.சி.யைச் சிறையில் போட்டார்கள், 1911-ல் கம்பெனியைக் கலைத்தார்கள். வாங்குகிறவரின் மனசு மட்டும் ஒரு கப்பலை மிதக்கவைக்க முடியாது. ஆனாலும் அந்தச் சுதேசிச் சீட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் வீணான காரியம் செய்தார்கள் என்று இந்தக் கரையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது என் சொந்தக் கதை.

எனக்கு 43 வயது. கீழக்கரையில் உயிரியல் பாடம் எடுக்கிறேன். சுபுஹு தொழுதுவிட்டு வெளிச்சம் வருவதற்குள் கடற்கரைப் பக்கம் 4 கிலோமீட்டர் ஓடுவேன். தொடங்கிய காலத்தில் தெருப்பெண்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். இப்போது அவர்களில் மூன்று பேர் கூட வருகிறார்கள். 2018 வரை பருத்தித் துணியைத்தான் தலையில் கட்டிக்கொண்டு ஓடினேன். வேர்வையில் நனைந்து கழுத்தோடு ஒட்டும், ஊசி குத்தும், கச்சான் காற்று அடித்தால் முனை பறந்து கண்ணை மறைக்கும். அந்த வருஷம் காக்கா ஊருக்கு வரும்போது நைக் கம்பெனியின் ஓட்டத்துக்கான ஹிஜாப் ஒன்று வாங்கி வந்தார். உம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என்னடீ, தலையில போடுற காலுறை மாதிரில இருக்கு" என்றார். போட்டுக்கொண்டு ஓடினேன். தலையில் ஒன்று இருப்பதே மறந்துபோனது. இப்படி ஒரு துணியை யோசித்துத் தைத்தவர்கள் என்னைப் போல ஒருத்தியை மனசில் நினைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மறு வருஷம் பிப்ரவரியில் டெகாத்லான் அதே மாதிரி ஒன்றைத் தன் தாய்நாடான பிரான்சில் விற்கப் போவதாகச் சொன்னது. மொராக்கோவில் அது ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. பிரான்சில் பெரிய கூச்சல் கிளம்பியது. ஒரு பிரெஞ்சுக் கம்பெனி முக்காட்டை ஊக்குவிப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று சுகாதார அமைச்சரே பேசினார். இனி அந்தக் கடையை நம்ப மாட்டேன் என்று ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஒருவர் எழுதினார். கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளைத் திட்டினார்கள், மிரட்டினார்கள். உலகத்தில் எல்லாப் பெண்களும் விளையாட வேண்டும் என்பதே எங்கள் எண்ணம் என்று முதலில் நிமிர்ந்து நின்ற கம்பெனி, பிறகு அந்தப் பொருளை பிரான்சில் விற்பதில்லை என்று பின்வாங்கிவிட்டது.

அந்தச் செய்தியைப் படித்த காலை நான் ஓடப் போகவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். அதுவரை "வாங்க மாட்டேன்" என்பது எங்களைப் போன்ற எளியவர்களின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அதே ஆயுதத்தைக் கையில் எடுத்தவர்கள் அமைச்சர்களும் கட்சிக்காரர்களும். பாரிசில் எங்கோ ஒரு பெண் இனியும் ஊசி குத்தும் துணியைக் கட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும். ஒரு கடையின் நிலைப்பாடு வாங்குகிறவருக்கு முக்கியமில்லை என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருகிறாள்.

அந்தக் கம்பெனி மேல் எனக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. ஊழியர்களுக்கு வந்த மிரட்டலைப் படித்த பிறகு அது தணிந்துவிட்டது. கல்லாவில் நிற்கும் இருபது வயதுப் பிள்ளையைப் பலி கொடுத்து என் துணியை விற்க வேண்டாம்.

காஸா பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபருக்குப் பிறகு எங்கள் ஊரில் இந்தப் பட்டியல்கள் வராத போன் இல்லை. அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா இருக்க முடியாது, நானும் இருக்கவில்லை. ஆனால் அனுப்பியவரிடம், இந்தப் பெயர் ஏன் இதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சிலவற்றுக்குக் காரணம் இருந்தது. ப்யூமா 2018 முதல் இஸ்ரேல் கால்பந்துச் சங்கத்துக்கு உடை கொடுத்து வந்தது என்பது ஊரறிந்த விஷயம். ஆக்கிரமிப்புக் குடியேற்றங்களில் இருக்கும் அணிகளும் அந்தச் சங்கத்தில் ஆடுகின்றன என்பதுதான் எதிர்த்தவர்கள் சொன்ன காரணம். 2024-ல் ஒப்பந்தம் முடிவதோடு விலகுவதாக ப்யூமா அறிவித்தது. புறக்கணிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னது. சம்பந்தம் இருந்ததோ இல்லையோ, விலகியது. வேறு சில பெயர்களுக்கோ அனுப்பியவரிடம் ஒரு காரணமும் இல்லை, இன்னொரு குழுவில் வந்தது என்றார். செய்யாத குற்றத்துக்கு ஒருவருடைய வியாபாரத்தைக் கெடுப்பது எங்கள் மார்க்கத்தில் பாவம். அந்தப் பெயர்களை நான் மேற்கொண்டு யாருக்கும் அனுப்பவில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமானது.

ராமநாதபுரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் ஒன்பதாவது படிக்கும்போது வாப்பா அங்கேதான் எனக்கு முதல் ஷட்டில் பேட் வாங்கித் தந்தார். டீச்சர் ஆன பிறகு ஸ்கிப்பிங் கயிறு, த்ரோபால், விசில் என்று பள்ளிக்கு எது வேண்டுமென்றாலும் நான் நேரே போய் நிற்பது அந்தக் கடையில்தான். கடைக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என் நிக்காஹுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

2022 மார்ச்சில் கர்நாடகத்தில் சில கோயில் திருவிழாக்களில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக் கூடாது என்று தட்டி வைத்தார்கள். அந்த வாரம் ஒரு நாள் ராத்திரி அண்ணனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். நம் ஆட்களிடம் மட்டுமே வாங்குவோம் என்று உறுதி எடுக்கச் சொல்லும் ஒரு படம். கீழே ஒரு கும்பிடு.

மூன்று வாரம் போகாமல் இருந்தேன். அப்புறம் போனேன். எப்போதும் போல ஸ்டூலை இழுத்துப் போட்டார், டீ சொன்னார். நான் நேராகவே கேட்டுவிட்டேன். கொஞ்சம் திகைத்துவிட்டு, "ஐயோ, அது உங்களச் சொல்லல டீச்சர். பொதுவா வந்துச்சு, போட்டேன். அது ஒரு நாள்தானே இருக்கும், போயிடுச்சே" என்றார்.

"அந்தப் பொதுவுலதான் அண்ணே எங்க வாப்பாவும் வர்றாங்க" என்றேன். வாப்பா பஜாரில் 31 வருஷம் துணிக்கடை வைத்திருந்தவர். தீபாவளிக்கு அந்தக் கடையில் உட்கார இடம் இருக்காது.

அண்ணன் டீ கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே ஒரு பந்துகூட வாங்கவில்லை.

குழுவில் ஒரு தம்பி இதைத் தெரிந்துகொண்டு கேட்டான்: "அவர் உங்க ஆளுங்க கிட்ட வாங்காதேன்னு சொன்னாரு, நீங்க அவர்கிட்ட வாங்க மாட்டேங்கிறீங்க. ரெண்டும் ஒண்ணுதானே லாத்தா?" பல நாள் இதை யோசித்திருக்கிறேன். ஒன்றில்லை. அந்தப் படம் என் வாப்பாவைப் பிறப்பால் ஒதுக்கச் சொன்னது. வாப்பா என்ன செய்தாலும், எவ்வளவு நேர்மையாக அளந்து கிழித்தாலும், அந்த ஒதுக்கலிலிருந்து வெளியே வர வழி கிடையாது. நான் அண்ணன் கடைக்குப் போகாதது அவர் செய்த ஒரு காரியத்துக்காக. அதிலிருந்து வெளியே வரக் கதவு திறந்தே இருக்கிறது. தப்புதான்மா என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் காலை நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். அவர் சாதி, மதம், யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். எனக்குப் பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களிடம் தினமும் மீன் வாங்குகிறேன், கறிகாய் வாங்குகிறேன். ஓட்டு வேறு, ஒரு கூட்டத்தைப் பட்டினி போடச் சொல்வது வேறு.

அமெரிக்கக் கதைகளைக் குழுவில் ஒரு நண்பர் விடாமல் எழுதினார். அவர் படகோனியா என்ற மலையேற்ற உடுப்புக் கம்பெனியின் ரசிகர். அவர் சொன்னதில் கணிசமானது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதைத் தொடங்கிய இவான் ஷுனார்ட் 2022-ல் கம்பெனியையே எழுதிக்கொடுத்துவிட்டார். சுமார் 300 கோடி டாலர் மதிப்பு. ஓட்டுரிமை உள்ள 2 சதவீதப் பங்கு ஓர் அறக்கட்டளைக்கு, மீதி 98 சதவீதம் இயற்கையைக் காக்கும் ஓர் அமைப்புக்கு. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் எங்களுடையது, அந்த வள்ளலின் ஊரே இதுதான். அதனால் கொடுக்கிறவரைக் கண்டால் எங்களுக்கு உடனே மரியாதை வந்துவிடும். இவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது 2011-ல் அவர்கள் நியூயார்க் டைம்ஸில் கொடுத்த விளம்பரம். தங்கள் குளிர்கால மேல்சட்டை ஒன்றின் படத்தைப் போட்டு, "இந்த மேல்சட்டையை வாங்காதீர்கள்" என்று எழுதியிருந்தார்கள். அதைச் செய்ய 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கும் கொடுத்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் இந்த எண்ணைப் படித்துவிட்டுக் கடந்துவிடலாம். அதிகாரிகள் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டும்போது மனசில் வைத்திருப்பது எங்கள் ராமநாதபுரம் ஜில்லாவைத்தான். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். ஒரு மேல்சட்டைக்கு ஒன்பது குடம்! சின்ன வயதில் உம்மா ஒன்பது குடத்தை வைத்து நாலு நாள் சமையலுக்கும் குடிக்கவும் ஓட்டியிருக்கிறார். அதைப் படித்த பிறகு என் பழைய மழைக்கோட்டைத் தூக்கிப் போடும் எண்ணத்தை விட்டுவிட்டு, கிழிந்த அக்குளைத் தைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

நஷ்டப்பட்டாலும் பரவாயில்லை என்று ஒரு கடை நின்றால் எனக்கு நம்பிக்கை வருகிறது. அமெரிக்காவில் 2018 பிப்ரவரியில் பார்க்லேண்ட் பள்ளியில் ஒருவன் 17 பேரைச் சுட்டுக் கொன்றான். டிக்ஸ் என்ற பெரிய விளையாட்டுச் சாமான் கடை, வேட்டைத் துப்பாக்கியும் விற்று வந்த கடை, போர்முனைத் துப்பாக்கி மாதிரியானவற்றை இனி விற்பதில்லை என்று அந்த மாதக் கடைசியிலேயே முடிவு செய்தது. கையில் இருந்தவற்றை வேறு யாருக்கும் விற்காமல் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். விற்பனையில் சுமார் 25 கோடி டாலர் போயிருக்கும் என்று அதன் தலைவரே சொன்னார். நான் ஒரு டீச்சர். வகுப்பறையில் பிள்ளைகள் செத்த செய்தியைப் படித்துவிட்டு, ஒரு கடைக்காரர் தன் கையில் இருந்த சரக்கை உடைக்கிறார் என்றால், அந்த ஊரில் நான் இருந்திருந்தால் பந்து வாங்க அங்கேதான் போயிருப்பேன்.

வருஷத்துக்கு ஒரு முறை உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்குப் பச்சை இலையை லோகோவில் ஒட்டுகிறவர்கள் எனக்கு ஒரு பொருட்டில்லை.

ஆனால் படகோனியா நண்பரோடு நான் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. இயற்கையைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு கம்பெனி சொன்னால் போதும், அது நல்ல பக்கம் என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். என்னால் முடியவில்லை. காரணம், பாம்பன் சின்னப்பாலத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா.

அக்கா கடற்பாசி எடுப்பவர். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் துணிச் சுற்று, காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் பை. எட்டு வயதில் தன் அம்மாவோடு கடலில் இறங்கியவர், இப்போது 50 தாண்டிவிட்டது. மூச்சை அடக்கி உள்ளே போனால் நான் கரையில் பயந்துபோகும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொள்வார். அவர் கடலில் இறங்கத் தொடங்கிய பிறகு, 1986-ல், தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அவரும் அவர் அம்மாவும் பாசி எடுத்த தீவுகளுக்குப் போவது ஒருநாள் குற்றமாகிவிட்டது. படகைப் பிடிப்பார்கள், பாசியைக் கொட்டிவிடுவார்கள்.

உயிரியல் டீச்சராக எனக்கு அந்தப் பூங்கா வேண்டும். பவளம் வெளுத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஓங்கல் (டால்பின்) வரும், ஆமை வரும், கடற்பசு மேயும் புல்வெளி அங்கே இருக்கிறது. எங்கள் ஊருக்கு எதிரே தெரியும் அப்பாத்தீவில் யாரும் விடுதி கட்டாமல் இருப்பதற்கும் அந்தப் பூங்காதான் காரணம். அக்காவுக்கும் பவளம் வேண்டும், அது போனால் அவர் பிழைப்பும் போகும். அதனால்தான் இந்தப் பெண்கள் தாங்களாகவே கூடி, மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டுமே பறிப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை ஒன்றுசேர்த்த சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி அமைப்பு தன் விருதைக் கொடுத்தது.

குழுவில் நடந்த சண்டையை அக்காவிடம் ஒரு நாள் விளக்கினேன். ஒரு சட்டைக் கம்பெனி, விற்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒரு ரூபாயைக் கடலையும் காட்டையும் காப்பாற்றக் கொடுக்கிறது, அதனால் அங்கே வாங்கலாம் என்கிறார்கள் அக்கா என்றேன். பாசியை உதறிக் காயப்போட்டுக்கொண்டே கேட்டார்:

"அந்த ஒரு ரூவாய யார்ட்ட கொடுப்பாக டீச்சர்? எங்கள உள்ள விடாம வேலி போடுறவுகள்ட்டயா, எங்கள்ட்டயா?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று மனசில் நின்றது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பேர்ஸ் இயர்ஸ் என்ற நிலத்தை 2016 கடைசியில் ஒபாமா பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார். அதைக் கேட்டுப் போராடியவர்கள் ஹோப்பி, நவஹோ, ஸூனி, இரண்டு யூட் குழுக்கள் என்று அந்த மண்ணின் ஐந்து பழங்குடிகள். முன்னோரின் குடியிருப்புகளும் புனித இடங்களும் அங்கே இருக்கின்றன, விறகும் மூலிகையும் எடுப்பதும் அங்கேதான். மறு வருஷம் டிசம்பரில் டிரம்ப் அதில் 85 சதவீதத்தை வெட்டிவிட்டார். "அதிபர் உங்கள் நிலத்தைத் திருடிவிட்டார்" என்று படகோனியா தன் இணையக் கடையின் முகப்பில் கறுப்பில் போட்டு, வழக்கும் தொடுத்தது. அந்தப் பழங்குடிகளும் வழக்குப் போட்டிருந்தார்கள். 2021-ல் பைடன் பழைய எல்லையைத் திருப்பிக் கொடுத்தார். அதே விவகாரத்தில் மலையேற்றக் கம்பெனிகள் சேர்ந்து நெருக்கியதால், அந்த மாநிலத் தலைநகர் சால்ட் லேக் சிட்டியில் வருஷாவருஷம் நடந்த பெரிய வணிகக் கண்காட்சியே 2018-ல் டென்வருக்கு இடம் மாறியது. 2023-ல் பழைய ஊருக்கே திரும்பவும் செய்தது.

அங்கே கம்பெனி நின்றது மண்ணின் மக்களோடு. அதை அக்காவிடம் சொன்னபோது, "அப்ப அது சரி" என்றார். அக்காவின் கேள்விதான் இப்போது எனக்கு அளவுகோல். காடு, கடல், நதி என்று ஒரு கடை பேசினால், அங்கே பிழைக்கிறவர்களைக் கேட்டார்களா என்று முதலில் தேடுகிறேன்.

ஆர்.இ.ஐ. விஷயத்தையும் அக்காவுக்குச் சொன்னேன். அமெரிக்காவில் உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கூட்டுறவுக் கடை அது, 1938-ல் 23 பேர் சேர்ந்து தொடங்கியது. 2025 ஜனவரியில், டிரம்ப் அரசில் நிலங்களைக் கவனிக்கும் அமைச்சராக டக் பர்கம் வருவதை ஆதரித்து ஒரு கடிதத்தில் அவர்கள் கையெழுத்திட்டார்கள். உறுப்பினர்கள் கொந்தளித்தார்கள். ஏப்ரலில் புதிய தலைவர் அது தவறு என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். "நம்ம சங்கத்துலயும் இப்படிக் கேட்டா நல்லாருக்கும்" என்று அக்கா பெருமூச்சு விட்டார்.

சரி, கடைசியில் என்ன வாங்கினேன் என்பதைப் பரமக்குடி நண்பருக்குச் சொல்ல வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டில் எந்த நிலைப்பாட்டையும் பார்க்கவில்லை. பிள்ளையின் எடையைத் தாங்குமா, தரச் சான்று இருக்கிறதா, கவட்டைப் பட்டை உறுதியா, இவ்வளவுதான். ஐம்பது ரூபாய் அதிகம் என்றாலும் யோசிக்கவில்லை. ரப்பர் ஷூவை டெகாத்லானில் வாங்கினேன். காஸா பட்டியல் அனுப்பிய நண்பர் முகம் சுளித்தார், ஆதாரம் காட்டுங்கள், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பைனாகுலர் புதிதாக வாங்கவில்லை. குழுவில் இரண்டு பேர் தங்களிடம் சும்மா இருந்ததைக் கொடுத்தார்கள். அந்தக் காசு மிச்சம்.

ஷூவை ராமநாதபுரத்திலேயே வாங்கியிருக்கலாம். அண்ணன் கடையில் கிடைக்கும். பஸ்ஸில் அந்தத் தெருவைக் கடக்கும்போது உள்ளே பார்த்தேன். ஸ்டூல் அதே இடத்தில்தான் இருந்தது.

கண்ணாடிக்கு மட்டும் அக்காவைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். பாசிப் பெண்கள் வழக்கமாக வாங்கும் கடை. போன சோழகக் காற்றுக் காலத்தில் கடல் கலங்கித் தொழில் இல்லாதபோது கடனுக்குக் கொடுத்தவர் என்று அக்கா வழியிலேயே சொல்லிவிட்டார். கடைக்காரர் பளபளப்பான நீல நிறக் கண்ணாடிகளை எடுத்து வைத்தார். அக்கா அவற்றைத் தள்ளிவிட்டு, மேல் அலமாரியிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுக்கச் சொன்னார். வாரைப் போடாமல் முகத்தில் அமுக்கி, மூக்கால் மூச்சை உள்ளே இழுத்து, கையை எடுத்தார். கண்ணாடி விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. நம்பாமல் தலையைக் குனிந்தும் பார்த்தார். விழவில்லை.

"இது பெரிய முகத்துக்கு. புள்ளைகளுக்கு இதுல சின்னது வேணும்" என்று சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து என் கூட வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையின் முகத்தில் வைத்து இழுக்கச் சொன்னார். 19 கண்ணாடி பார்த்து 12 தேறியது. மூன்று மணி நேரம் ஆனது. கடைக்காரர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, நடுவில் எங்களுக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

பைனாகுலர் காசு மிச்சம் இருந்ததால் அந்தக் கறுப்புக் கண்ணாடியையும் சேர்த்துப் பில் போடச் சொன்னேன். அக்கா வேண்டாம் என்று என் கையைப் பிடித்தார். மன்றத்துக் கணக்கில் பயிற்சியாளருக்கு என்று எழுதிக்கொள்கிறேன், ஜனவரியில் தென்கடல் தெளிந்ததும் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்றேன். அப்புறம்தான் வாங்கிக்கொண்டார்.